காப்புறுதியில் பாரபட்சம்: நீதிமன்றக் கதவு எவருக்குத் திறக்கும்?

அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள சமஷ்டி நீதிமன்றம் ஒன்றில் 2022 டிசெம்பரில் ஒரு வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. அந்நாட்டின் மிகப்பெரிய வீட்டுக் காப்புறுதி நிறுவனங்களுள் ஒன்றான ஸ்டேட் ஃபார்ம் அதில் பிரதிவாதி. வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்துக்கு இழப்பீடு கோரும் கறுப்பின மக்களிடம் வெள்ளையரிடம் கேட்பதைவிட அதிக ஆவணங்கள் கேட்கப்படுகின்றன, அவர்களது கோரிக்கைகள் கூடுதல் சந்தேகத்துடன் நோக்கப்பட்டுத் தாமதிக்கப்படுகின்றன, மோசடிகளைக் கண்டுபிடிப்பதற்கென்று பயன்படுத்தப்படும் கணினி முறைமையே இந்த வேறுபாட்டுக்கு வழிவகுக்கிறது என்பன அவ்வழக்கிலுள்ள குற்றச்சாட்டுகளாகும். வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்துவிடுமாறு நிறுவனம் கேட்டது. 2023 செப்டெம்பரில் நீதிமன்றம் குற்றச்சாட்டுகளில் ஒரு பகுதியை நீக்கிவிட்டு, முக்கியமான மற்றொரு பகுதி மேலே செல்லலாம் என்று கட்டளையிட்டது.

சமஷ்டி என்ற சொல் எமது நாட்டில் வேறு வகையான சூட்டைக் கிளப்பும் சொல். அங்கே அது மத்திய அரசின் சட்டங்களை விசாரிக்கும் சாதாரண நீதிமன்றத்தின் பெயர்தான். ஆகவே அதனை ஒரு பக்கம் வைத்துவிட்டு இந்த வழக்கின் வகையைக் கவனிப்போம். காப்புறுதிக் கம்பனி பணம் தரவில்லை என்று வழக்குப் போடுவது எங்கும் நடப்பது. இங்கே கூறப்படுவதோ, எமது இனத்தின் காரணமாக எம்மை வேறு விதமாக நடத்தினீர்கள் என்பது. முன்னையது ஒப்பந்த வழக்கு, பின்னையது உரிமை வழக்கு. இந்த இரண்டாவது வகை வழக்கைக் கல்முனையிலோ நிந்தவூரிலோ வசிக்கும் ஒருவர் தொடுக்க முடியுமா என்பதே நாம் இங்கு விளக்க முற்படும் விடயம்.

இதனை ஏதோ தூரதேசத்துச் செய்தியாக எமது வாசகர்கள் கருத வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இந்நாட்டில் அதிக உயிர்களைப் பறித்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே காலைப்பொழுதில் மாண்டனர். மருதமுனை முதல் நிந்தவூர் வரை கரையோரத்தில் கடையும் தறியும் தோணியும் இழந்தவர்களுள் காப்புறுதிப் பத்திரம் வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. வட்டி கலந்த விடயம் என்ற மார்க்க ரீதியான தயக்கம் அதற்கொரு காரணம். 1999இல் இந்நாட்டில் தகாபுல் முறை அறிமுகமான பின்னர் அத்தயக்கம் ஓரளவு குறைந்தது. மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடமே விட்டுவிடுகிறோம். மற்றைய காரணம், காப்புறுதி என்பது மாதச் சம்பளக்காரருக்கு உரியது என்று எமது கடற்றொழிலாளரும் நெசவாளரும் நம்பி வந்தமை. அந்த நம்பிக்கை முற்றிலும் தவறென்று கூற முடியாது. அண்டை நாட்டில் அது ஒரு காலத்தில் எழுத்திலேயே இருந்தது.

இந்தியாவின் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் 1956இல் 245 தனியார் நிறுவனங்களைத் தேசியமயமாக்கி உருவாக்கப்பட்டது. அது வெளியிட்ட திட்டங்களில் அட்டவணை 58 என்ற எண்ணைக் கொண்ட திட்டம் ஒன்று இருந்தது. குறைந்த தவணைப் பணத்தில் பெருந்தொகைக்கு உயிரைக் காப்புறுதி செய்யலாம். பின்னர் விரும்பினால் அதனைச் சேமிப்புடன் கூடிய வேறு பத்திரமாக மாற்றிக்கொள்ளலாம். ஏழைக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. உழைப்பவர் திடீரென இறந்தால் வீட்டாருக்குப் பணம் கிடைக்கும், அதுவரை கையிலிருந்து போவதோ சிறிய தொகை. ஆனால் அரசாங்கத்திலோ, அரச சார்பு நிறுவனங்களிலோ, பெயர்பெற்ற வர்த்தக நிறுவனங்களிலோ சம்பளம் பெறுபவருக்கு மாத்திரமே அது வழங்கப்படும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டிருந்தது. நிலத்தை உழுபவர், மீன் பிடிப்பவர், தறி நெய்பவர், தெருவோரம் கடை வைத்திருப்பவர் எவருக்கும் அதில் இடமில்லை. மலிவான பத்திரம் வசதியுள்ளவனுக்கு, விலை கூடிய பத்திரம் வசதியற்றவனுக்கு என்றானது.

அகமதாபாத்திலுள்ள நுகர்வோர் கல்வி மற்றும் ஆய்வு நிலையம் இதனை எதிர்த்துக் குஜராத் உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கு தோற்ற கூட்டுத்தாபனம் இந்திய உச்ச நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்தது. (இந்தியாவில் உச்ச நீதிமன்றம் என்று அழைக்கப்படுவது இங்கு உயர் நீதிமன்றம்; அங்கு உயர் நீதிமன்றம் எனப்படுவது இங்கு மேல் நீதிமன்றம். இந்தியப் பத்திரிகைகளை வாசிப்போர் இதில் அடிக்கடி குழம்புகின்றனர்.) 1995 மே 10ஆம் திகதி நீதியரசர்கள் கே. ராமசாமி, பி. எல். ஹன்சாரியா ஆகியோர் தீர்ப்பளித்தனர். சம்பளக்காரருக்கு மாத்திரம் என்ற நிபந்தனை, சட்டத்தின் முன் சமத்துவத்தை உறுதிசெய்யும் இந்திய அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரையை மீறுவதால் அது செல்லாது என்று கூறப்பட்டது. திட்டம் அப்படியே இருக்கட்டும், வேலியை மாத்திரம் அகற்றுங்கள் என்பதே அதன் பயனாகும்.

அவ்வழக்கில் கூட்டுத்தாபனம் முன்வைத்த வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. காப்புறுதி ஒரு வியாபாரம், யாருடன் எந்த நிபந்தனையில் ஒப்பந்தம் செய்வது என்பது எமது சுதந்திரம், அதில் அடிப்படை உரிமைக்கு இடமேது என்று அது கேட்டது. அரசினால் உருவாக்கப்பட்டு மக்களது பணத்தைப் பொறுப்பேற்கும் ஒரு நிறுவனம் ஒப்பந்தம் செய்யும்போதும் அரசியலமைப்புக்கு வெளியே நிற்பதில்லை என்பது நீதிமன்றத்தின் பதில். புள்ளிக் கோட்டின் மேல் கையெழுத்திடுவதைத் தவிர வேறு வழியில்லாத சாதாரண மனிதனும் பாரிய நிறுவனமும் சமமாக அமர்ந்து பேரம் பேசியதாகப் பாவனை செய்யலாகாது என்றும், உழைப்பவர் மறைந்த பின் குடும்பம் பிழைத்திருப்பதற்கான ஏற்பாடு வாழ்வுரிமையுடன் தொடர்புபட்டது என்றும் அத்தீர்ப்பு நோக்கியது. அதேவேளை வயதையும் உடல்நிலையையும் காப்புறுதியாளர் பார்க்கக்கூடாது என்று அது கூறவில்லை.

இங்கேதான் விடயத்தின் முடிச்சு இருக்கிறது. காப்புறுதி என்பதே வேறுபடுத்தும் தொழில். அறுபது வயதுக்காரரிடம் இருபது வயதுக்காரரைவிட அதிகமாக அறவிடுகிறார்கள். ஓலைக் கூரைக்கும் கொங்கிறீட் கூரைக்கும் ஒரே கட்டணம் இல்லை. இதனைப் பாரபட்சம் என்று எவரும் கூறுவதில்லை, ஏனெனில் ஆபத்து உண்மையாகவே வேறுபடுகிறது. அப்படியானால் ஒரு சமூகத்தினர் சராசரியாகக் குறைந்த காலம் வாழ்கிறார்கள் என்று கணக்குக் காட்டினால் அவர்களிடம் அதிகம் அறவிடலாமா?

அமெரிக்கக் கம்பனிகள் அவ்வாறுதான் செய்தன. புருடென்ஷல் நிறுவனம் 1881இல் கறுப்பின மக்களுக்கான இழப்பீட்டுத் தொகையை மூன்றில் ஒரு பங்கினால் குறைத்தது. தவணைப் பணத்தை மாத்திரம் முழுமையாக வாங்கியது. அதன் புள்ளிவிபரவியலாளர் ஃபிரெடெரிக் ஹொஃப்மன் 1896இல் ஒரு நூலே எழுதி, கறுப்பினத்தவரின் அதிக இறப்பு வீதம் அவர்களது இனத்தின் இயல்பு என்று நிலைநாட்ட முயன்றார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு ஒரு தலைமுறைகூட நிறைந்திராத மக்களின் வறுமை, சுகாதாரமற்ற குடியிருப்பு, மருத்துவ வசதியின்மை எதுவும் அவருக்குக் காரணமாகத் தெரியவில்லை. இலக்கங்கள் பிழையல்ல, இலக்கங்களுக்குக் கொடுத்த காரணமே பிழை. வீடு வீடாகச் சென்று வாரந்தோறும் சில சதங்களை அறவிட்ட சிறிய மரணச்செலவுப் பத்திரங்களில் இந்த இன வேறுபாடு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும் நீடித்தது. அதன் விளைவாக அமெரிக்கன் ஜெனரல் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 206 மில்லியன் டொலருக்கும், மெட்ரோபொலிட்டன் லைஃப் நிறுவனம் 2002இல் 160 மில்லியன் டொலர் வரையிலும் இணக்கத்துக்கு வர நேர்ந்தது. மெட்ரோபொலிட்டன் வழக்கு நியூயோர்க்கிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்தில் நடந்தது. அதன் பத்திரங்கள் 1901 முதல் 1972 வரையான காலத்துக்குரியவை. பத்திரத்தை வாங்கியவர்களில் பெரும்பாலானோர் அப்போது உயிருடன் இருந்திருக்க மாட்டார்கள்.

தனியார் கம்பனிகளைக் குடியியல் உரிமையின் பெயரால் அங்கே நீதிமன்றத்துக்கு இழுக்க முடிவதற்குக் காரணம், 1866ஆம் ஆண்டின் குடியியல் உரிமைகள் சட்டம். ஒப்பந்தம் செய்வதற்கு வெள்ளையருக்குள்ள அதே உரிமை ஏனையோருக்கும் உண்டு என்று கூறும் அச்சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்தும் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1976இல் உறுதி செய்தது. வீட்டுக் காப்புறுதி போன்றவற்றுக்கு 1968ஆம் ஆண்டின் நீதியான வீடமைப்புச் சட்டமும் துணைக்கு வருகிறது. மேலே கூறிய ஸ்டேட் ஃபார்ம் வழக்கில் தப்பிப் பிழைத்த பகுதி இச்சட்டத்தின் கீழானது.

இந்திய வழக்குகள் இன்னும் இரண்டைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். அதே ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் வேலைக்கு விண்ணப்பித்த பெண்களிடம் மாதவிடாய், கர்ப்பம் பற்றிய விபரங்களை எழுதித் தருமாறு படிவத்தில் கேட்டு வந்தது. பிழையான திகதி எழுதினார் என்று, பிரசவ விடுமுறையில் சென்ற பெண்ணொருவரை வேலையிலிருந்து நீக்கியது. 1991 ஒக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை மீண்டும் வேலையில் அமர்த்துமாறு பணித்ததுடன், அக்கேள்விகள் பெண்ணின் தன்மானத்துக்கு ஒவ்வாதவை என்று கண்டது. அடுத்தது 2018 பெப்ரவரியில் டில்லி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு. பல ஆண்டுகள் தவணைப் பணம் செலுத்திய இதய நோயாளி ஒருவரின் மருத்துவச் செலவை, அது பரம்பரை நோய் என்று கூறி அரசுக்குச் சொந்தமான காப்புறுதி நிறுவனம் மறுத்தது. பரம்பரை நோய்கள் அனைத்தையும் ஒரே வரியில் விலக்குவது பாரபட்சமானது என்று நீதிமன்றம் கூறியது. பிறப்பினால் வந்ததற்கு ஒருவரைத் தண்டிக்கலாமா என்ற கேள்வி இனத்துக்கும் இரத்தத்துக்கும் பொதுவானது என்பது எமது எண்ணம்.

இனி எமது நாட்டுக்கு வருவோம்.

இலங்கை அரசியலமைப்பின் 12ஆவது உறுப்புரை சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறப்பிடம் ஆகிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் ஓரங்காட்டுதல் ஆகாது என்று அதன் இரண்டாவது பந்தி கூறுகிறது. மூன்றாவது பந்தி கடைகள், உணவகங்கள், ஹோட்டல்கள், களியாட்ட இடங்கள், வணக்கத்தலங்கள் ஆகியவற்றுக்குள் நுழைவதைப் பற்றிப் பேசுகிறது. காப்புறுதி அப்பட்டியலில் இல்லை. உரிமை மீறப்பட்டால் 126ஆவது உறுப்புரையின் கீழ் நேரடியாக உயர் நீதிமன்றத்துக்குச் செல்லலாம். ஆனால் அந்த மீறல் ஆட்சித்துறை அல்லது நிருவாகத்துறைச் செயலினால் ஏற்பட்டதாக இருத்தல் வேண்டும். இந்தச் சில சொற்களே கதவின் தாழ்ப்பாள். தனியார் கம்பனி ஒன்று சாய்ந்தமருதுக் கடைக்காரரின் பெயரைப் பார்த்துவிட்டுப் பத்திரம் தர மறுத்தது என்று வைத்துக்கொள்வோம். எழுத்திலேயே அவ்வாறு கூறியிருந்தாலும் 126ஆவது உறுப்புரை அவருக்கு உதவாது. தனியாரின் பாரபட்சத்தைப் பொதுவாகத் தடை செய்யும் சட்டமும் எம்மிடம் இல்லை. 1999இல் சம சந்தர்ப்பச் சட்டமூலம் ஒன்று கொண்டுவரப்பட்டது; எதிர்ப்பு எழுந்தவுடன் அது கைவிடப்பட்டது. அதன் பின்னர் எமது பிரதேசத்திலிருந்து பாராளுமன்றம் சென்றவர்கள் அமைச்சுகளைப் பற்றிப் பேசிய அளவுக்கு அதனைப் பற்றிப் பேசியதாக எமக்கு நினைவில்லை.

எனவே எந்த நிறுவனம் அரசின் கையில் இருக்கிறது என்பது வெறும் பொருளாதாரக் கேள்வியல்ல. 1961ஆம் ஆண்டின் சட்டத்தினால் பிறந்த காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் 90 சதவீதப் பங்குகள் 2003இல் 6 பில்லியன் ரூபாவுக்குத் தனியாருக்கு விற்கப்பட்டன. 2007இல் வாசுதேவ நாணயக்கார அதனை எதிர்த்து அடிப்படை உரிமை மனுவொன்றைத் தாக்கல் செய்தார். 2009 ஜூன் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அவ்விற்பனையைச் செல்லாததாக்கி நிறுவனத்தை அரசிடமே மீட்டுக் கொடுத்தது. விற்பனை நடந்த விதம் சரியா, விலை போதுமா என்பதே அன்று நாட்டில் பேசப்பட்டது. தனியாரிடம் இருந்த ஆறு ஆண்டுகளில் அதன் வாடிக்கையாளர் எவரும் 126ஆவது உறுப்புரையைப் பற்றி எண்ணிப்பார்க்கவே வழியிருக்கவில்லை என்பது பேசப்படவில்லை. 2023இல் அந்நிறுவனத்தை மீண்டும் விற்பதற்கு அமைச்சரவை கொள்கையளவில் இணங்கியபோதும் இந்தக் கோணம் எவருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

கம்பனி வடிவில் இருந்தாலும் அரசின் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனம் 126ஆவது உறுப்புரைக்குள் வரும் என்பதை 1987இல் எயார் லங்கா தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அரச நிறுவனத்துடனான ஒவ்வொரு பிணக்கும் உரிமை மீறலாகிவிடாது. வெறும் ஒப்பந்தத் தகராறு என்று கருதினால் நீதிமன்றம் மனுவை ஏற்காது. எனக்குத் தரவில்லை என்பது போதாது. என்னைப் போன்ற நிலையிலுள்ள மற்றவருக்குத் தந்துவிட்டு எனக்கு மறுத்தார்கள் என்று காட்ட வேண்டும்.

எமது மாவட்டத்துக்கு இதில் இரண்டு இடங்கள் முக்கியமானவை. ஒன்று, கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை. சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் வெள்ளத்தில் வேளாண்மை அழியும் ஒவ்வொரு போகத்திலும் இழப்பீட்டை மதிப்பிடுவது அச்சபையே. அது சட்டத்தினால் அமைக்கப்பட்ட அரச சபை. ஒரே வாய்க்காலின் இரு கரையிலும் ஒரே வெள்ளம் புகுந்திருக்க, ஒரு கரைக்கு இழப்பீடும் மறு கரைக்கு மறுப்பும் கிடைத்தால் அது சமத்துவம் பற்றிய கேள்வியாக முடியும். மற்றது, கலவர இழப்பு. சாதாரண தீக் காப்புறுதிப் பத்திரம் கலவரத்தினால் ஏற்படும் சேதத்தை உள்ளடக்காது. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான மேலதிகக் காப்பைத் தனியாகக் கேட்டுப் பணம் செலுத்திப் பெறவேண்டும். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த மேலதிகக் காப்புக்கான நிதியம் 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்திடம் உள்ளது. அதுவும் அரசினுடையது. பத்திரத்தை விற்பது தனியார் கம்பனியாக இருந்தாலும், பின்னால் நிற்பது அரச நிதியம் என்பது கவனிக்கத்தக்கது.

சமத்துவ மனு எங்களுக்குச் சாதகமாக மாத்திரமே அமையும் ஆயுதம் என்று எண்ணிவிடவும் கூடாது. ஆழிப்பேரலையில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரேபியாவின் உதவியுடன் அக்கரைப்பற்று நுரைச்சோலையில் கட்டப்பட்ட 500 வீடுகளும் 2008இல் தாக்கலான அடிப்படை உரிமை மனுவினாலும் 2009இன் தீர்ப்பினாலும் கையளிக்கப்படாமல் ஆண்டுக்கணக்கில் பற்றைக்காடாகிக் கிடந்தன. அம்மனுவும் சமத்துவத்தின் பெயரிலேயே வந்தது. சட்டத்தின் மொழியை அறிந்தவர் முந்திக்கொண்டார். கடற்கரையில் கூடாரத்தில் இருந்தவர் பிந்திவிட்டார்.

வரைபடத்தில் கோடு கிழிப்பதைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்புக் கோட்டினால் சூழ்ந்து, அதற்குள் கடனோ காப்புறுதியோ இல்லை என்றனர். இனத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத வேண்டியிருக்கவில்லை. எமது கரையோரத்தில் கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் காப்பு இல்லை என்று ஒரு கம்பனி தீர்மானித்தால் அது கடலின் ஆபத்தைப் பற்றிய நேர்மையான கணக்காக இருக்கலாம். ஆனால் அதே தூரத்திலுள்ள தெற்குக் கடற்கரைக்கு வேறு கணக்கும் எமக்கு வேறு கணக்கும் இருந்தால், கோடு கடலைப் பார்த்துக் கிழிக்கப்படவில்லை. அதனைக் கண்டுபிடிக்க இரண்டு ஊர்களின் கட்டணங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாறான ஆய்வைச் செய்யத் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் கூப்பிடு தொலைவில் இருக்கிறது.

நடைமுறையில் ஒருவர் செய்யக்கூடியவை எவை? தனியார் கம்பனி என்றால் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் முறையிடலாம். ஒப்பந்த மீறலுக்குக் கல்முனை மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். எழுத்து மூல ஒப்பந்தத்துக்குப் பொதுவான கால எல்லை ஆறு ஆண்டுகள். எனினும் பத்திரத்தின் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளில் அதைவிடக் குறுகிய எல்லை குறிக்கப்பட்டிருக்கலாம், அதைப் படித்துப் பார்க்க வேண்டும். அரச நிறுவனம் என்றால் 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், இதே பிரிவில் எத்தனை கோரிக்கைகள் ஏற்கப்பட்டன, எவை எக்காரணத்தால் மறுக்கப்பட்டன என்று கேட்கலாம். அரசு 25 சதவீதப் பங்கு வைத்துள்ள கம்பனிகளும் இச்சட்டத்துக்கு உட்பட்டவை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்படல் வேண்டும். மெட்ரோபொலிட்டன் வழக்கில் கம்பனியின் பழைய கட்டணப் புத்தகங்கள் செய்த வேலையை இங்கே இவ்விபரங்கள் செய்யக்கூடும்.

காலம்தான் பெரிய தடை. 126ஆவது உறுப்புரையின் கீழான மனுவை மீறல் நிகழ்ந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கல்முனையிலிருந்து இரவுப் பேருந்தில் கொழும்பு சென்று, சட்டத்தரணியைப் பிடித்து, ஆவணங்களைச் சிங்களத்திலிருந்து மொழிபெயர்த்து முடிப்பதற்குள் அந்த மாதம் ஓடிவிடும். இதற்குச் சட்டமே ஒரு மாற்றுவழி வைத்திருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேர்க்கப்படாது. முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதி மாத்திரமன்றி, விசாரணை உண்மையாகவே நடைபெறுகிறது என்பதற்கான ஆதாரத்தையும் உயர் நீதிமன்றம் எதிர்பார்க்கிறது. ஆகவே அதனையும் எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆணைக்குழுவின் பிராந்திய காரியாலயம் கல்முனையிலேயே இருக்கிறது. மறுப்புக் கடிதத்தைக் கையில் பெற்ற திகதியைக் கடித உறையின் மேல் அன்றைக்கே குறித்து, உறையையும் எறியாமல் வைத்திருப்பது நல்லது.